கல்லில்லாத சத்தம்

பம்புக்குள் கல் உருண்டுகொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கையளவு சரளையை அள்ளிப் பித்தளைக் குடத்துக்குள் போட்டு யாரோ விடாமல் குலுக்குகிற சத்தம். கனகரத்தினத்துக்கு அந்தச் சத்தம் காதோடு நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பல்லுக்குள் கேட்டது. சைக்கிளில் வீட்டுக்குப் போனால் பின்னாலேயே வந்தது.

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருந்த அந்த ஐஸ் கொம்பனிக்கு நாலே வயது. கடல் தண்ணீரை இழுத்து, அமோனியாக் குழாய்களின் மேல் ஊற்றிச் சூட்டைத் தணிப்பது பம்பின் வேலை. பம்பு நின்றால் மெசின் நிற்கும். மெசின் நின்றால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லையென்றால் இறக்கக்கண்டியிலிருந்து வரும் மீன் லொறிகள் வாசலிலேயே நின்று நாறும். அப்போது 1966 வைகாசி. கரைவலைக்காரருக்குக் கை நிறைய மீன் விழுந்துகொண்டிருந்த நேரம்.

பம்பைப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் கனகரத்தினம், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலை பழகியவர், அதை நாளுக்கு ஒரு தடவையாவது யாருக்காவது சொல்லாமல் அவருக்குச் செமிக்காது. மற்றவர் மூதூர் முத்தலிப். கனகரத்தினத்தை விட நாலைந்து வயது கூடியவர், கதை குறைவு. கனகரத்தினம் அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவார், அவர் இவரைத் 'தம்பி' என்பார். முறை மாறும் நேரத்தில் ஒருவர் வெற்றிலையை மற்றவருக்கு நீட்டுவார். நாலு வருடப் பழக்கம் அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு நாளும் குறை வந்ததில்லை.

முத்தலிப் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று இரண்டு கிழமை லீவில் ஊருக்குப் போனார். போவதற்கு முதல் நாள் தண்ணீர்த் தொட்டியை இறைத்துத் துப்புரவாக்கி, உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் இரும்பு வலைக் கூடையைக் கழற்றிக் கழுவிப் பூட்டிவிட்டுப் போனார். அவர் போய் நாலாம் நாள் பம்பில் கல் சத்தம் எழுந்தது. கனகரத்தினத்துக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கூடை சரியாகப் பூட்டுப்படவில்லை, கல் உள்ளே போய்விட்டது. நேரே மனேஜரின் அறைக்குப் போனார்.

மனேஜர் ஆனந்தராசா கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம். எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர். "எழுதித் தாரும்" என்றார். கனகரத்தினம் நின்ற நிலையில் எழுதினார்: 'முத்தலிப் என்பவர் கூடையைக் கவனயீனமாகப் பூட்டிய காரணத்தால் கற்கள் பம்பினுள் சென்றுள்ளன என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.' தாழ்மை ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதி முடித்தபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நோயை ஒரே பார்வையில் பிடித்துவிட்ட டொக்டரின் பெருமை. மனேஜர் அன்றைக்கே மூதூருக்குத் தந்தி அடித்தார்: விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம்.

மீன் லொறிகள் பம்பை நிறுத்தவிடவில்லை; சத்தத்தோடேயே ஓட்டி, ஒரு கிழமை கழித்துத்தான் பம்பைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கல்லும் இல்லை. தண்ணீரைத் தள்ளுகிற பித்தளைச் சக்கரம் மட்டும் உளுத்த பலகை மாதிரிப் புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டுக் கிடந்தது.

"கல்லெல்லாம் வெளியால போயிருக்கும்" என்றார் மனேஜர்.

"ஓம் சேர், போயிருக்கும்" என்றார் கனகரத்தினமும். கல் போயிருந்தால் சக்கரத்தில் கீறல் இருக்கவேண்டும், வெட்டு இருக்கவேண்டும். இது கீறல் அல்ல. ஆனாலும் எழுதிக் கொடுத்த கடிதம் மனேஜரின் மேசையில் இருந்தது, வாயை மூடிக்கொண்டார்.

கைவசம் இருந்தது ஒரே ஒரு புதுச் சக்கரம். அதைப் பூட்டினார்கள். இந்தத் தடவை கனகரத்தினமே தொட்டிக்குள் இறங்கினார். இடுப்பளவு சேற்றில் நின்று, அடியைக் கையால் தடவி, கிடந்த சிப்பியைக்கூடப் பொறுக்கி எறிந்து, கூடையைத் தன் கையாலேயே முறுக்கிப் பூட்டினார். பம்பை ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அதே சத்தம். அதே சரளை, அதே குலுக்கல்.

அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, முத்தலிப் ஒரு பிழையும் செய்யவில்லை என்று. கூடை இப்போது தானே பூட்டிய கூடை. கல் போக வழியில்லை. அப்படியென்றால் முதலிலும் கல் போகவில்லை. விளங்கிய விஷயத்தை எழும்பிப் போய் மனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'கல்லில்லை என்றால் வேறென்ன?' என்று கேட்டால் பதில் வேண்டுமே என்று தனக்குத் தானே ஒரு சாட்டுக் கண்டுபிடித்துக்கொண்டார். மனிதருக்குச் சாட்டு மட்டும் எப்படித்தான் இவ்வளவு கெதியாகக் கிடைக்கிறதோ.

விசாரணை புதன்கிழமை. அதற்கு மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்று நாளும் கனகரத்தினம் ஓரிடத்தில் நிற்கவில்லை. உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் காற்று இழுக்கிறதோ என்று மெழுகுதிரியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தார். சுடர் அசையவில்லை. பம்பின் கழுத்துக்குக் கிறீஸ் அடைத்தார். மோட்டரையும் பம்பையும் இணைக்கிற இடத்தை நூல் பிடித்து நேர் பார்த்தார். எல்லாம் நேர். கூடையை இன்னொரு தடவை கழற்றினார், பூட்டினார். சத்தம் மட்டும் அவரைச் சட்டை செய்யவில்லை. வீட்டில் குசினிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து நிலம் தேய்ந்துவிடும் போலிருந்தது.

"இருந்து சாப்பிடுங்கோவன். என்ன, காலில சக்கரமே?" என்றாள் மனைவி கமலாதேவி.

"சக்கரம் பம்புக்குள்ள. அதுதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, பாதிச் சோற்றோடு எழும்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை, பம்பின் கழுத்தை இன்னொரு தடவை பார்ப்பதற்காகப் பம்பை நிறுத்தப் போனார். நிறுத்துவதற்கு முன்னால், தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வை மூடவேண்டும், அது முறை. பெரிய இரும்புச் சில்லு, பன்னிரண்டு சுற்று. முத்தலிப் போனபிறகு நிறுத்தியபோதெல்லாம் ஒரே மூச்சில் கரகரவென்று சுற்றி மூடியிருந்தார். அன்றைக்கு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பு, கை ஓய்ந்து போயிருந்தது. இரண்டு சுற்று சுற்றுவார், நிற்பார். இன்னும் இரண்டு, நிற்பார். ஏழாவது சுற்றில் நின்றபோது ஏதோ குறைகிறதே என்று நினைத்தார். என்ன குறைகிறது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சத்தம் இல்லை.

மோட்டரின் ரீங்காரம் மட்டும் இருந்தது. பம்பு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஒரு சுற்றுத் திறந்தார், சரளை வந்தது. மூடினார், போனது. திறந்தார், மூடினார். யாராவது பார்த்திருந்தால் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு சில்லை முற்றாக மூடி, அங்கிருந்து மெதுவாகத் திறந்துகொண்டு வந்தார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். ஐந்து சுற்றுவரை அமைதி. ஆறாவதில் சத்தம்.

கனகரத்தினம் சில்லில் கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

அந்தச் சில்லின் கம்பியில் ஒரு பச்சைச் சீலைத்துண்டு நாலு வருடமாகக் கட்டியிருந்தது. முத்தலிப் கட்டியது. அதில் ஐந்து முடிச்சு. கிழமைக்கொரு தடவை பம்பை நிறுத்திக் கழுவி ஓடவிடுவது முத்தலிப்பின் முறையிலேயே நடந்ததால், அவர் லீவில் போகும்வரை கனகரத்தினம் அந்தச் சில்லைத் தொட வேண்டி வந்ததேயில்லை. முடிச்சுகளைப் பார்த்து, லெப்பை ஓதிக் கொடுத்த துண்டு, ஐந்து வேளைத் தொழுகைக்கு ஐந்து முடிச்சு என்று தானே முடிவு கட்டியிருந்தார். கேட்பது மரியாதையில்லை என்றும் நினைத்திருந்தார்.

முத்தலிப் லீவில் போன மூன்றாம் நாள், மனேஜர் வந்து, "சீசன் நேரம், தண்ணியைக் கூட்டும், ஐஸ் கெதியாப் பிடிக்கும்" என்றார். கனகரத்தினம் சில்லைப் பிடித்தார். எண்ணெய்க் கையால் ஓதின துண்டைத் தொட்டுக்கொண்டிருப்பது பாவம் என்று, கையைக் கழுவி, முடிச்சு ஒன்றும் அவிழாமல் பக்குவமாகக் கழற்றி, சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தின் பக்கத்தில் வைத்தார். பிறகு அன்றைக்குக் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சமாக வால்வை முழுக்கத் திறந்தார். கதவைத் திறந்துவிட்டால் பம்புக்குப் பாரம் குறையும்தானே, அதில் என்ன கெடுதல் வரும்?

இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. டொக்யாட்டில் ஒரு எஞ்சினியர், கப்பலைத் தள்ளும் பங்கா ஒன்று அரித்துக் கிடந்ததைக் காட்டி, இது புழுவும் இல்லை, துருவும் இல்லை, தண்ணீர்தான் கடித்தது என்று சொல்லியிருந்தார். கனகரத்தினமும் கூட்டாளிகளும் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பம்பு தள்ளுவதில் கெட்டிக்காரன், இழுப்பதில் அப்படியில்லை. வால்வை முழுக்கத் திறந்தால் அது கூடுதல் தண்ணீர் கேட்கும். ஒடுங்கிய உறிஞ்சு குழாயால் அவ்வளவு கொடுக்க ஏலாது. கேட்டது கிடைக்காத இடத்தில் தண்ணீர் பிய்ந்து குமிழி குமிழியாகும். அந்தக் குமிழிகள் சக்கரத்தில் போய் உடைகிற உடைவுதான் கல் சத்தம். ஒவ்வொரு உடைவும் பித்தளையில் ஊசிமுனையளவு கிள்ளிக்கொண்டு போகும். முத்தலிப் இதையெல்லாம் யாரிடமும் படிக்கவில்லை. காதால் கேட்டு, ஐந்து சுற்றோடு நிற்கவேண்டும் என்று கண்டுபிடித்து, வேறு ஆள் பார்க்க நேர்ந்தால் தெரியட்டும் என்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்.

கனகரத்தினத்துக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை.

மனேஜரைக் கையோடு கூட்டி வந்து காட்டினார். சில்லைத் திறந்தார், மூடினார். ஆனந்தராசாவுக்கும் காது இருந்தது.

"சரி, இனி அஞ்சு சுற்றிலயே ஓடட்டும். கதை முடிஞ்சுது."

"முத்தலிப் காக்காட கதை, சேர்?"

மனேஜர் கதவைச் சாத்தினார். "இஞ்ச பாரும். உம்மைப் போர்மனாப் போடச் சொல்லிக் கொழும்புக்கு எழுதியிருக்கிறன். பிழை கண்டுபிடிச்ச ஆள் எண்டு அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினனான். இப்ப பிழை விட்ட ஆளே நீர்தான் எண்டால் என்ன செய்யிறது? நாளைக்கு விசாரணையில ஆளுக்கு ஒரு எச்சரிக்கையோட விடுவம். வேலைக்கு வரட்டும்."

"எச்சரிக்கை என்னத்துக்கு, சேர்?"

"கூடைக்கு."

கனகரத்தினம் வெளியே வந்தார். பம்படியைச் சுற்றி ஒரு நடை, மீன் லொறிகள் வரை ஒரு நடை, திரும்பி ஒரு நடை. போர்மன் என்கிற சொல் காதில் இனிக்கத்தான் செய்தது, இல்லையென்று யார் சொன்னது? பத்தாவது நடையில் கடதாசி ஒன்றை எடுத்தார். 'வால்வை அளவுக்கு மீறித் திறந்தது நானே. முத்தலிப் என்பவரில் எந்தப் பிழையும் இல்லை. முந்திய கடிதம் ஆராயாமல் எழுதப்பட்டது.' இந்தத் தடவை தாழ்மை என்று எழுதவில்லை. மனேஜரின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். விசாரணை நடக்கவில்லை. போர்மன் வேலை வேறு யாருக்கோ போனது. முத்தலிப்பைத் திங்கட்கிழமை வரச் சொல்லிக் கடிதம் தயாரானது.

"தபாலில போடவேண்டாம், நான் கொண்டுபோறன்" என்றார் கனகரத்தினம்.

சனிக்கிழமை காலை, மூதூருக்குக் கடல் கடக்கிற லோஞ்சில் ஏறினார். கொட்டியாரக் குடா அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்தது. மனிதருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், தலையில் தொப்பி, மடியில் ஒரு பை, கதைக்கிற ஆசையோடு திரும்பினார்.

"ஐஸ் கொம்பனிப் பக்கமா வேல? அங்க எங்கட ஊர் ஆள் ஒராள் பம்புக்குள்ள கல்லுப் போட்ட கத தெரியுமா ஒங்களுக்கு?"

கனகரத்தினம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்.

"மூணு கடகம் கல்லாம்! மனேச்சரோட கோவமாம். ராவோட ராவா அள்ளிப் போட்டிட்டு, லீவு எண்டு ஊருக்கு வந்து குந்திட்டாராம். பார்த்தாப் பாவம் போல ஈப்பாரு. மனிசர நம்ப ஏலாது."

'கவனயீனம்' என்று தான் எழுதிய ஒரு சொல், குடாவைக் கடப்பதற்குள் மூன்று கடகப் பெட்டி நிறையக் கல்லாகப் பெருத்திருந்தது. அதைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். லோஞ்சில் முப்பது பேர் இருந்தார்கள். கனகரத்தினம் எழும்பிப் போய் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்காகவும் பிறகு தன்னைத் தானே ஏசிக்கொண்டார்.

முத்தலிப்பின் மனைவி ஜெமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. ஆனாலும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். "உள்ளதான் ஈக்காரு. வெளிய போறல்ல" என்றாள்.

முத்தலிப் அறைக்கதவு ஒன்றைக் கழற்றி நிலத்தில் போட்டுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்த கதவு யன்னல் எல்லாம் இந்த இரண்டு கிழமையில் கழற்றிப் பூட்டப்பட்டுவிட்டன என்று ஜெமீலாதான் சொன்னாள். கனகரத்தினம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வால்வு, ஐந்து சுற்று, முதல் கடிதம், இரண்டாம் கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில் அந்தப் பச்சைத் துண்டை எடுத்து நீட்டினார்.

முத்தலிப் வாங்கிப் பார்த்தார். துண்டில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"எங்க வச்சீங்க தம்பி இத?"

"பிள்ளையாருக்குப் பக்கத்தில, காக்கா. ஓதினது எண்டு நினைச்சனான்."

"ஓதினதா? இது ஜெமீலாட பழைய சீல." முத்தலிப்பின் வாயோரம் ஒரு கணம் இளகியது. பிறகு இறுகிவிட்டது. "நாலு வருசமா ஒரு வெத்திலைய ரெண்டாக் கிழிச்சுப் போட்டோம். இது என்னெண்டு ஒரு நாள் கேட்டீங்களா? சரி, அத உடுங்க. பம்பு கத்தினப்ப, எனக்கு ஒரு கடிதம் போட்டு, காக்கா இது என்ன சத்தம் எண்டு கேக்க ஏலாமப் போச்சா? மனேச்சர்ட கதவு கிட்ட, மூதூர் தூரம். அவ்வளவுதானா?"

எதைச் சொன்னாலும் அது இன்னொரு சாட்டாகத்தான் இருக்கும் என்று கனகரத்தினத்துக்கே தெரிந்தது.

"பிழைதான், காக்கா. திங்கட்கிழமை வாங்கோ. கடிதம் இருக்கு."

"வேலைக்கு வாறன். வேல எனக்கு வேணும்." முத்தலிப் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலுமாரியில் வைத்தார். "ஆனா, ரெண்டு ஜும்ஆவுக்கும் பள்ளிக்குக் கடைசி ஆளாப் போய் முதல் ஆளா எழும்பி வந்தன். மருமகன்ட ஆக்கள் பேரப்புள்ளயப் பாக்க வந்து, கல்லுக் கதையக் கேட்டுட்டுப் போறாங்க. கடிதம் கொம்பனிக்குத்தானே சொல்லும்? ஊருக்கு ஆர் சொல்றது?"

"நான் சொல்லுறன்" என்றார் கனகரத்தினம்.

இறங்குதுறையடித் தேத்தண்ணிக் கடையில் லோஞ்சுக்குக் காத்திருந்தவர்களும் சும்மா இருந்தவர்களுமாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். முத்தலிப் கூடவே வந்து, உள்ளே வராமல் கடை வாசலில் நின்றார். லோஞ்சில் கதை சொன்ன தொப்பிக்காரரும் அங்கே இருந்தார். கனகரத்தினம் இந்தத் தடவை விலகிப் போகவில்லை. வாங்கில் இருந்து எழும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"முத்தலிப் காக்கா பம்புக்குள்ள கல்லுப் போடேல்ல. பம்புக்குள்ள கல்லே இருக்கேல்ல. பிழை என்னில. வால்வைக் கூடுதலாத் திறந்தது நான். தண்ணி போதாமல் குமிழி வந்து உடைஞ்ச சத்தம்தான் அது. தண்ணிதான் சக்கரத்தைத் திண்டது."

யாரோ புரைக்கேறிச் சிரித்தார்.

"தண்ணி பித்தளையத் திங்குதாம்!"

"கல்லில்லாமக் கல்லுச் சத்தமாம்! நல்லாத்தான் ஈக்கி!"

கனகரத்தினம் கையை ஆட்டி விளக்கினார். குழாய் ஒடுக்கம் என்றார், குமிழி என்றார், ஐந்து சுற்று என்றார். சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது. தொப்பிக்காரர் எழும்பி வந்து அவரது தோளில் கைவைத்தார். அந்தக் குரலில் கேலியில்லை, உண்மையான மதிப்பு இருந்தது.

"நீங்க நல்ல மனிசன். கூட்டாளிய ஊருக்குள்ள காப்பாத்தக் கடல் தாண்டி வந்து பழியத் தன்ட தலையில போடுறீங்களே! இந்தக் காலத்தில ஆர் செய்வான்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னார். கனகரத்தினம் வாசலைப் பார்த்தார். முத்தலிப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆராயாமல் எழுதிய ஒரு வரியை ஊரே ஒரே நாளில் நம்பியது. ஆராய்ந்து அறிந்த உண்மையை, அதைச் சொல்ல உரிமையுள்ள ஒரே வாயால் சொல்லியும், ஒருவர்கூட நம்பவில்லை. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

துறையில் லோஞ்ச் கூவியது. ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள்.

"கெதியாப் போங்க, இண்டைக்கு இதுதான் கடைசி லோஞ்ச்" என்றார் கடைக்காரர்.

கனகரத்தினம் திரும்ப வாங்கில் உட்கார்ந்தார். எழும்பாமல் மிஞ்சியிருந்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் கிட்ட இருந்தவரின் முகத்தைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் கேளுங்கோ. அண்டைக்கு வால்வைத் திறந்தது நான்" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.